புதுத் தரை, டைல்ஸ், சமையலறை: ஃபிளாட்டைப் புதுப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சமையலறையில் புது டைல்ஸ் பதித்து முடித்த அன்று சாயங்காலம், வெளியே நகர்த்தி வைத்திருந்த வாஷிங் மெஷினைத் திரும்ப மேடைக்கு அடியில் தள்ளினோம். போகவில்லை. பத்து வருடமாக அங்கேயே இருந்த மெஷின், மேடையும் அதே மேடைதான். பழைய தரையை உடைக்க வேண்டாமே என்று அதன் மேலேயே ஒட்டியதில் தரை 13 மி.மீ ஏறியிருந்தது. மெஷினுக்கும் மேடைக்கும் நடுவே முன்பு இருந்ததோ 10 மி.மீ. யாரும் அளக்கவில்லை, நானும்தான். ராத்திரி பார்த்தால் படுக்கையறைக் கதவும் பாதியில் தரையை உரசிக்கொண்டு நின்றது.

டைல்ஸில் ஒரு குறையும் இல்லை. நிறம், நேர்கோடு எல்லாம் அருமை. ஆனால் ஃபிளாட்டில் ஓரிடத்தை உயர்த்தினால் இன்னோரிடத்தில் இடிக்கும், ஒரு வேலையை முந்திச் செய்தால் இன்னொன்றை உடைக்க வேண்டிவரும். அதனால் இங்கே நிறம், அலங்காரம் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. எது முதலில், எந்த உயரத்தில், அடியில் என்ன என்பதுதான் பேச்சு.

## உடைப்பதற்கு முன்

உங்கள் தரை கீழ்வீட்டாரின் கூரை. பல கட்டடங்களில் உங்கள் குளியலறைக் கழிவுக்குழாய் அவர்கள் தலைக்கு மேல்தான் ஓடும். ஆகவே டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால், குடியிருப்பு நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். எந்த நேரத்தில் உடைக்கலாம், கழிவு எப்படி இறங்கும், லிஃப்ட்டில் மூட்டை ஏற்றலாமா, தண்ணீர் வால்வு எங்கே இருக்கிறது, அதை யார் மூடுவார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் வரைபடம் கிடைத்தால் தூண், உத்தரம், சுமை தாங்கும் சுவர் மூன்றையும் அடையாளம் கண்டு, அவற்றில் கை வைக்காமல் திட்டம் போடுங்கள். சில கட்டடங்களில் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் இருக்கும். அங்கே பொறியாளரைக் கேட்காமல் தளத்தில் ஓட்டை போடுவது ஆபத்து.

கீழ்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர்கள் குளியலறைக் கூரையையும் சமையலறைக் கூரையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே இருந்த கறை பிற்பாடு உங்கள் கணக்கில் ஏறாது.

அடுத்தது எடை. சிமென்ட் மணல் கலவை 1 செ.மீ கனத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோ. பழைய முறையில் 4 செ.மீ கலவை போட்டுப் பதித்திருந்தால் கலவை மட்டும் 80 கிலோ, டைல்ஸ் 20 கிலோ, ஆக 100. 4.2 மீட்டருக்கு 3.7 மீட்டர் ஹாலை உடைத்தால் ஒன்றரை டன் கழிவு கிளம்பும். அத்தனையையும் கோணிப்பையில் கட்டி இறக்க வேண்டும். எடுத்த இடத்தில் முன்பைவிடக் கனமான எதையும் போடவும் கூடாது. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான புழங்கு சுமையை (ஆட்கள், சாமான்களின் எடையை) நினைத்தே வடிவமைக்கப்படுகின்றன. கனமான கல் தரை, தடித்த கலவை என்று ஆசைப்பட்டால் முதலில் பொறியாளரைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 1980களுக்கு முந்தைய கட்டடத்தில், ரெக்ஸின் போலிருக்கும் சிறு வினைல் சதுரங்களும் அவற்றுக்கு அடியில் கறுப்புப் பசையும் தென்பட்டால், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சுரண்டாதீர்கள், உரச வேண்டாம். ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்துவிட்டு, அந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

## சுவரைச் சுற்றி ஒரு கோடு

வாஷிங் மெஷின் கற்றுக்கொடுத்த பாடம் இது. எந்த வேலையும் தொடங்குவதற்கு முன், வீடு முழுவதும் சுவரில் ஒரே மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம் வசதியாக இருக்கும். லேசர் லெவல் இருந்தால் ஒரு மணிநேர வேலை. இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய டியூபே போதும், இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்திக் கோடு இழுக்காதீர்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் கொஞ்சம் தப்பும், நாலு சுவர் சுற்றி வருவதற்குள் ஒரு விரல் கனம் விலகியிருக்கும்.

கோட்டிலிருந்து கீழே தரைவரை ஒவ்வொரு மூலையிலும் நடுவிலும் அளந்து, அந்த எண்ணை அங்கேயே சுவரில் எழுதுங்கள். 1000, 996, 1008, 992 என்று வரும். எண் எங்கே குறைவோ அங்கே தரை மேடு. மேட்டை வைத்துத்தான் கணக்கு. இங்கே மேடு 992. டைல்ஸ் 9 மி.மீ, பசை 4 மி.மீ என்றால் புதுத் தரையின் முகம் கோட்டுக்கு 979 மி.மீ கீழே நிற்கும். 1008 உள்ள பள்ளத்தில் டைல்ஸும் பசையும் போக இன்னும் 16 மி.மீ நிரப்ப வேண்டும். இதைப் பசையை அள்ளிப் போட்டு நிரப்பக் கூடாது. தனியாக மட்டம் செய்யும் கலவையை முன்னதாகவே ஊற்றி இறுகவிட வேண்டும். தடித்த பசை காயும்போது சுருங்கி டைல்ஸைக் கீழே இழுத்துவிடும்.

இனி எல்லாவற்றையும் அந்த 979-லிருந்து பாருங்கள். கதவுகள் திறக்குமா? பால்கனிக் கதவின் தண்டவாளத்தைவிடத் தரை உயர்ந்துவிடுமா? குளியலறைத் தரை வெளியைவிட 15 முதல் 20 மி.மீயாவது தாழ்வாக இருக்குமா? மேடைக்கு அடியில் நிற்க வேண்டிய மெஷின் நுழையுமா? மேடை உயரம், ஸ்விட்ச் உயரம், குளியலறைக் குழாய் உயரம் எதை அளந்தாலும் இந்தக் கோட்டிலிருந்தே அளக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி, எலெக்ட்ரீஷியன், தச்சர் மூவரும் ஆளுக்கொரு தரையிலிருந்து அளந்தால்தான் குழப்பமே வரும். பெயின்ட் அடிக்கும் நாள்வரை இந்தக் கோட்டை அழிக்க விடாதீர்கள்.

## பழைய தரையை எடுப்பதா, மேலேயே ஒட்டுவதா

மேலேயே ஒட்டினால் தூசி, சத்தம், கழிவு எல்லாம் மிச்சம். எடையும் சதுர மீட்டருக்கு 25 முதல் 30 கிலோதான் கூடும். ஆனால் பழைய டைல்ஸ் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். ஒரு மரக் கைப்பிடியை எடுத்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாக இருந்தால் குறுகிய, அடங்கிய சத்தம் வரும். அடியில் காலியாக இருந்தால் பானையைத் தட்டியதுபோல் எதிரொலிக்கும். அப்படிப்பட்டதையெல்லாம் சாக்பீஸால் குறியிடுங்கள். அங்குமிங்கும் ஒன்றிரண்டு என்றால் அவற்றை மட்டும் பெயர்த்துக் கலவையால் நிரப்பிக்கொள்ளலாம். பத்துக்கு மூன்று டைல்ஸ் சாக்பீஸ் குறி வாங்கிவிட்டால் மொத்தமாக எடுத்துவிடுவதுதான் உத்தமம்.

ஓதம் ஏறும் தரை, கசிவு இருக்கும் குளியலறை இரண்டையும் மூடி மறைக்கவே கூடாது. குளியலறை விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன்: மேல் வேலை வேண்டாம், தளம்வரை எடுங்கள்.

மேலே ஒட்டுவது என்று முடிவானால் பழைய டைல்ஸின் பளபளப்பை கிரைண்டரால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக் காயவைத்து, வழவழப்பான பரப்புக்கென்று விற்கும் பிரைமரைப் பூசி, அதற்குப் பிறகே பசை.

## என்ன தரை?

கடையில் எல்லாம் ஒன்றுபோலத்தான் மின்னும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது, அதைத் தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும். விட்ரிஃபைடு அல்லது போர்சலின் டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. சுவருக்கென்று வரும் செராமிக் 10 சதவீதத்துக்கு மேலும் உறிஞ்சும். அது இலகுவானது, வெட்டவும் எளிது, ஆனால் தரைக்கு ஆகாது. விட்ரிஃபைடிலேயே, மேலே மெருகு பூசியதில் கனமான பாத்திரம் விழுந்து சில்லு பெயர்ந்தால் அடியிலுள்ள வேறு நிறம் பல்லிளிக்கும். உடல் முழுக்க ஒரே நிறமாக வருவதில் அந்தத் தொல்லை இல்லை. சமையலறைத் தரைக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

வழுக்கலுக்கு ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு தர வரிசை உண்டு, எண் கூடக்கூடப் பிடிப்பும் கூடும். ஹாலுக்கு ஆர்9 போதும். குளியலறையிலும் பால்கனியிலும் ஆர்10, ஆர்11 பாருங்கள். அதற்கு மேல் போனால் துடைப்பம் மாட்டிக்கொள்ளும், அழுக்கும் தங்கும்.

பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு குறிகள் அச்சாகியிருக்கும். ஒன்று நிறத் தொகுதி, இன்னொன்று அளவுத் தொகுதி. இரண்டும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள், பதித்த பிறகு பார்த்துப் பயனில்லை. மேலே சொன்ன ஹால் 15.54 சதுர மீட்டர். வெட்டுக்கும் உடைசலுக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 17.1. 600-க்கு 600 மி.மீ டைல்ஸ் பெட்டிக்கு நான்கு, அதாவது 1.44 சதுர மீட்டர். ஆகவே 12 பெட்டி. அதோடு ஒரு பெட்டி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவையுங்கள், அதே தொகுதி மறுபடி கிடைக்காது. மூலைவாட்டில் பதிப்பதானால் 10 என்பதை 15 ஆக்கிக்கொள்ளுங்கள்.

மரத் தோற்றம் வேண்டுமென்றால் இரண்டு வழி. லேமினேட் என்பது 8 முதல் 12 மி.மீ மரநார்ப் பலகை. காலுக்கு இதமாக இருக்கும், ஆனால் தேங்கிய தண்ணீர் இணைப்புக்குள் இறங்கினால் ஓரம் உப்பிவிடும். எஸ்.பி.சி என்பது சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சியும் சேர்ந்த 4 முதல் 6 மி.மீ பலகை, தண்ணீருக்கு அஞ்சாது. கதவு இடைவெளி குறைவான வீட்டில் இந்தக் கனம் பெரிய வசதி. நேரடி வெயில் மணிக்கணக்கில் விழும் ஜன்னலோரத்தில் மட்டும் எஸ்.பி.சி விரிந்து முட்டும், அங்கே யோசியுங்கள்.

## குழாயும் வயரும்

தூசி வேலையெல்லாம் ஒரே மூச்சில் முடியட்டும். டைல்ஸ் எடுப்பது, சுவரில் காடி வெட்டுவது, பூச்சு உதிர்ப்பது மூன்றும் சேர்ந்தாற்போல். கழிவுக்குழாயின் வாயைத் துணி அடைத்து மேலே டேப் ஒட்டிவிட்டுத்தான் முதல் சுத்தியலை எடுக்க வேண்டும். ஒரு கை சிமென்ட் கட்டி உள்ளே போனால் கீழ்த்தளம்வரை அடைக்கும்.

சமையலறையில் எந்த மெஷின் எங்கே என்று பென்சிலால் சுவரில் வரைந்த பிறகே வயர் இழுக்கலாம். ஓவன், இன்டக்‌ஷன் அடுப்பு, பாத்திரம் கழுவும் மெஷின், தண்ணீர் சூடாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்யூட். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டாயம். மெஷினுக்கான பிளக் அந்த மெஷினின் முதுகுக்கு நேர் பின்னால் வேண்டாம், பக்கத்து அலமாரிக்குள் வையுங்கள். பின்னால் இருந்தால் மெஷின் சுவரோடு ஒட்டாது, அவசரத்தில் கையும் எட்டாது.

குழாய்களை மூடுவதற்கு முன் அழுத்தம் ஏற்றிச் சில மணிநேரம் விட்டு, அளவி முள் இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள், குழாய் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்தபடி. ஐந்து வருடம் கழித்துச் சுவரில் ஆணி அடிக்கும்போது அந்தப் படத்தைத் தேடுவீர்கள்.

## குளியலறை: தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் இல்லை

டைல்ஸ் தண்ணீரை விடாது என்று பலரும் நினைக்கிறார்கள். டைல்ஸ் விடாது, நடுவிலிருக்கும் கோடு விடும். கோட்டுக்குள் இறங்கிய தண்ணீரை நிறுத்துவது அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு மட்டுமே. அது கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் அங்கே கை சுருங்குகிறது.

முதலில் வாட்டம். தண்ணீர் வெளியேறும் துளையான நீர்த்தாரையை நோக்கி மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ இறக்கம் வேண்டும். ஷவருக்கு அடியில் 2 செ.மீ. பூச்சுக்குக் கீழேயுள்ள கலவையிலேயே இந்த வாட்டம் இருக்க வேண்டும். டைல்ஸ் பதிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால், பூச்சின் மேல் இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் அடியிலேயே தேங்கும்.

சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் லேசாக உருட்டி, அதற்கென்று உள்ள நாடாவைப் பூச்சுக்குள் பதியவையுங்கள். கட்டடம் கொஞ்சம் அசைந்தாலும் முதலில் விரிவது அந்த மூலைதான். குழாய் வெளிவரும் ஓட்டைகளைச் சுற்றியும் அதே கவனம். பூச்சு இரண்டு கை. முதல் கை கிழக்கு மேற்காக இழுத்தால், காய்ந்த பிறகு இரண்டாவது கை வடக்கு தெற்காக. முதல் கையில் விட்டுப்போன ஊசித் துவாரத்தை இரண்டாவது மூடும். சுவரில் பொதுவாக 30 செ.மீ உயரம், ஷவர் பக்கம் 2 மீட்டர் வரை ஏற்றுங்கள்.

காய்ந்த பிறகு சோதனை. நீர்த்தாரையை அடைத்து, வாசலில் சின்னத் தடுப்பு கட்டி, தரை முழுக்க 3 செ.மீ தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு 24 மணிநேரம், முடிந்தால் 48. பக்கத்திலேயே ஒரு பெரிய தட்டில் அதே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காற்றில் ஆவியாகிக் குறைவது இரண்டிலும் ஒன்றாக இருக்கும், தரையில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் கசிகிறது என்று பொருள். கீழ்வீட்டுக் கூரையையும் போய்ப் பாருங்கள். வேலையாட்கள் ஒரு நாள் சும்மா நிற்கிறார்களே என்று இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். வேண்டுமானால் அன்று ஹாலில் வேலை பார்க்கட்டும்.

## டைல்ஸ் பதிப்பது

பசையைத் திறப்பதற்கு முன் வெறுமனே அடுக்கிப் பாருங்கள். நம் ஹாலின் அகலம் 3.7 மீட்டர். 600 மி.மீ டைல்ஸும் 3 மி.மீ இடைவெளியும் சேர்த்து 603. ஆறு முழு டைல்ஸ் வைத்தால் 8 செ.மீ மிச்சம். அந்த ஓரத்தில் பட்டை வெட்டிச் செருகியது போலத் தெரியும், அதுவும் சுவர் கொஞ்சம் கோணலாக இருந்தால் பட்டை ஒரு முனையில் 8, மறுமுனையில் 6 என்று ஊருக்கே சொல்லும். ஐந்து முழு டைல்ஸை நடுவில் நிறுத்தி, மீதியை இரண்டாகப் பிரித்தால் இருபக்கமும் 34 செ.மீ சொச்சம் வரும். சமையலறை அலமாரிக்கு அடியில் போகும் ஓரத்தில் மட்டும் எந்தத் துண்டு வந்தாலும் கவலையில்லை.

பெரிய டைல்ஸ் எதுவும் நூறு சதவீதம் தட்டையாக இருக்காது, நீளவாட்டில் நடு லேசாகக் குவிந்திருக்கும். அதனால் நீள டைல்ஸைச் செங்கல் அடுக்குபோலப் பாதிக்குப் பாதி மாற்றி வைத்தால், ஒன்றின் மேடு அடுத்ததன் ஓரத்தோடு சேர்ந்து விரல் தட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம். அடித்தளமும் நேராக இருக்க வேண்டும். பெரிய டைல்ஸுக்கு 3 மீட்டர் நீளத்தில் 3 மி.மீ ஏற்ற இறக்கம்தான் எல்லை. நேரான அலுமினியச் சட்டத்தை வைத்து அடியில் டார்ச் அடித்தால் பள்ளம் தெரிந்துவிடும். ஓரங்களைச் சமன் செய்யும் பிளாஸ்டிக் கிளிப் நல்ல துணைதான், ஆனால் மேடு பள்ளமான தளத்தை அது காப்பாற்றாது.

விட்ரிஃபைடுக்குச் சாதாரண சிமென்ட் பால் ஏன் பிடிப்பதில்லை? டைல்ஸ் உறிஞ்சினால்தானே சிமென்ட் உள்ளே ஊன்றும்? 0.5 சதவீதம்கூட உறிஞ்சாத முதுகில் அது வெறுமனே படிந்து நிற்கும், சில வருடத்தில் விட்டுவிடும். பாலிமர் கலந்த பசைதான் வேண்டும். பையின்மேல் சி2 என்று போட்டிருக்கும். பழைய டைல்ஸ் மேல் ஒட்டும்போதும், மிகப் பெரிய அளவுக்கும் எஸ்1 என்ற குறியும் இருக்கட்டும், அது கொஞ்சம் நெளிந்து கொடுக்கும் வகை. 4 மி.மீ கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 6 கிலோ அளவில் செலவாகும், ஹாலுக்கு 20 கிலோ மூட்டை ஐந்து.

பசையை முதலில் கரணையின் தட்டைப் பக்கத்தால் தளத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும். அதன்மேல் இன்னும் கொஞ்சம் போட்டு, 10 மி.மீ பல் உள்ள பக்கத்தால் ஒரே திசையில் கோடு இழுக்க வேண்டும். வட்டம் வட்டமாகச் சுழற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். நேர்கோடாக இருந்தால், டைல்ஸை வைத்துக் கோட்டுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைக்கும்போது காற்று ஓரமாக வெளியேறி வரிகள் சரிந்து ஒன்றோடொன்று சேரும். பெரிய டைல்ஸானால் அதன் முதுகிலும் மெல்லிய பூச்சு. இழுத்த கோட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். பசை விரலில் ஒட்டினால் வைக்கலாம். மேலே ஆடை கட்டி விரல் சுத்தமாக வந்தால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். காற்றாடி ஓடும் அறையில் இருபது நிமிடத்துக்குள்ளேயே ஆடை கட்டிவிடும்.

நான்கைந்து டைல்ஸ் வைத்தவுடன் ஒன்றைத் திரும்பக் கிளப்பச் சொல்லுங்கள். மேஸ்திரிக்குப் பிடிக்காது. "சார், நான் எத்தனை வருஷமா பதிக்கிறேன்" என்பார். பரவாயில்லை, சிரித்துக்கொண்டே கேளுங்கள். முதுகைத் திருப்பிப் பார்த்தால் பசை எங்கெங்கே தொட்டிருக்கிறது என்று படமாகத் தெரியும். அறைகளில் 80 சதவீதமாவது, ஈரமான இடங்களில் 95 சதவீதம் தொட்டிருக்க வேண்டும். நான்கு மூலைக்கும் கட்டாயம் எட்டியிருக்க வேண்டும். நடுவில் ஐந்து உருண்டை வைத்து அழுத்தும் பழக்கம் இன்னும் பலரிடம் உண்டு. அப்படி ஒட்டிய டைல்ஸின் மூலையில் நாற்காலிக் கால் இறங்கினால் விரிசல்தான். நாள் ஒன்றுக்கு இரண்டு தடவை இப்படிக் கிளப்பிப் பார்ப்பது, மற்ற எல்லா மேற்பார்வையையும்விட மேல்.

இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் பதித்தால் அழகு என்பார்கள். வெப்பத்தில் விரியும் தரைக்கு மூச்சுவிட இடமில்லாவிட்டால், ஒரு நாள் பட்டென்று சத்தத்தோடு நடுவில் கூரைபோல் எழும்பும். ஓரம் இயந்திரத்தால் சீவிய டைல்ஸுக்கு 2 மி.மீ, மற்றதற்கு 3. சுவரோரத்தில் சுற்றிலும் 6 முதல் 8 மி.மீ காலியாக விடுங்கள், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்டிங் பட்டை மூடிவிடும். அந்த இடைவெளியில் கலவை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விட்டதன் பயனே போய்விடும்.

24 மணிநேரம் கழித்துக் கிரவுட், அதாவது டைல்ஸ்களுக்கு நடுவிலுள்ள கோட்டை நிரப்பும் கலவை. சமையலறைக்கும் குளியலறைக்கும் எபாக்ஸி வகை கறை பிடிக்காது. ஆனால் சீக்கிரம் இறுகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, போட்டதும் துடைத்துக்கொண்டே வர வேண்டும். மறுநாள் துடைக்கலாம் என்று விட்டால் அந்தப் படலம் டைல்ஸோடு தங்கிவிடும். சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் கோடுகளில் கிரவுட் வேண்டாம், அங்கே ரப்பர்போல் நெளிந்து கொடுக்கும் சிலிக்கான் பசை.

டைல்ஸ் வெட்டும் இடம் பற்றி ஒன்று. உலர்வாக வெட்டினால் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிடும். சிலிக்கா அதிகமுள்ள செயற்கைக் கல் பலகைகளை வெட்டிய தொழிலாளர்கள் பலர் நோயுற்றதால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளையே தடைசெய்தது. தண்ணீர் விட்டு வெட்டும் மெஷின், நல்ல முகக்கவசம் இரண்டும் இல்லாமல் வீட்டுக்குள் வெட்ட விடாதீர்கள். குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லில் மேடையானால் பட்டறையிலேயே ஓட்டைவரை போட்டு வரட்டும்.

## லேமினேட், எஸ்.பி.சி

இது சுலபம். கலவைத் தளம் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். முதல் 4 செ.மீ கனத்துக்கு செ.மீக்கு ஒரு வாரம், அதற்கு மேல் செ.மீக்கு இரண்டு வாரம் என்பது மேஸ்திரிகளின் தோராயக் கணக்கு. சந்தேகமிருந்தால் அரை மீட்டர் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பலகைப் பெட்டிகளை அந்த அறையிலேயே 48 மணிநேரம் போட்டுவைத்த பிறகு பிரியுங்கள். சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ இடைவெளி. தரை தளத்தோடு ஒட்டாமல் மிதக்க வேண்டும், ஆகவே அதன்மேல் சமையலறை அலமாரியை நிறுத்தி அழுத்தக் கூடாது.

## சமையலறை

தரையும் சுவர்ப் பூச்சும் முடிந்த பிறகு எடுக்கும் அளவுதான் அளவு. அதற்கு முன் எடுத்ததெல்லாம் மதிப்பீடு. அலமாரி செய்யச் சில வாரம் ஆகும், அந்த நேரத்தில் சுவர்களுக்குப் பிரைமரும் முதல் பெயின்ட்டும் முடித்துக்கொள்ளலாம்.

மேடை உயரத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். அதிகம் சமைப்பவர், வீட்டில் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். முழங்கையிலிருந்து 10 முதல் 15 செ.மீ கீழே மேடை. பெரும்பாலோருக்கு இது 85-க்கும் 90 செ.மீக்கும் இடையில் வரும். ஆழம் 60 செ.மீ, எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே குறைந்தது 1 மீட்டர், இருவர் சேர்ந்து சமைத்தால் 1.2. மேல் அலமாரிக்கும் மேடைக்கும் நடுவே 50 முதல் 60 செ.மீ. அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் உள்ள உயரத்தை அந்தந்தக் கருவியின் கையேடு சொல்லும், பொதுவாக 65 முதல் 75 செ.மீ.

அலமாரியின் உடலுக்குக் கொதிநீர் தாங்கும் தர பிளைவுட், குறைந்தபட்சம் சிங்க் அடியிலுள்ள பெட்டிக்காவது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை கதவுக்கு நன்றாக வழவழப்பாக வரும், ஆனால் தண்ணீர் பட்டால் ரொட்டிபோல் ஊறும். கதவின் முகத்தை எல்லோரும் தடவிப் பார்ப்பார்கள். நீங்கள் ஓரத்தைப் பாருங்கள். பட்டை ஒட்டியதில் நகம் நுழைந்தால் தண்ணீரும் நுழையும். குழாய்க்காகப் பலகையில் போட்ட ஓட்டையின் மூடப்படாத வெட்டு விளிம்புக்கும் சிலிக்கானோ வார்னிஷோ தடவச் சொல்லுங்கள், இதை யாரும் சொல்லாமல் செய்ய மாட்டார்கள்.

நிறுத்தும் வரிசை: முதலில் மேல் அலமாரி, கீழே ஒன்றும் இல்லாதபோது ஆள் கிட்டே நின்று மாட்ட வசதி. பிறகு கீழ் அலமாரிகள், அந்தச் சுவர்க்கோட்டைப் பார்த்து மட்டம் செய்து ஒன்றோடொன்று முடுக்கி. அதற்கும் பிறகே மேடைக் கல்லுக்கு அளவு. சுவர் கோணலைத் தாளிலோ மெல்லிய பலகையிலோ அச்செடுத்துப் போனால் கல் ஒட்டி உட்காரும்.

கல்லில் கிரானைட் சூட்டுக்கும் கீறலுக்கும் பணியாது, வருடத்துக்கொரு முறை சீலர் தடவினால் போதும். குவார்ட்ஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கல் தூள், மீதி பிசின். கறை பிடிக்காது, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைத்தால் பிசின் கருகித் தழும்பாகும். மார்பிள் சமையலறைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. புளிப்பான எது சிந்தினாலும் மெருகை அரித்துவிடும். எந்தக் கல்லானாலும் முன் விளிம்பின் அடியில் ஒரு சிறு காடி வெட்டச் சொல்லுங்கள். வழிகிற தண்ணீர் அந்தக் காடியில் சொட்டி விழுந்துவிடும், அலமாரிக் கதவில் ஓடாது. இரு கல் சேரும் கோடு சிங்க் மேல் வரக் கூடாது.

கல்லை ஒட்டிய இடங்களுக்கு நடுநிலை வகை சிலிக்கான் கேளுங்கள். வினிகர் வாசனை அடிக்கும் சாதாரண வகையில் அமிலம் வெளியாகும், அது மார்பிளை அரிக்கும், சில கல்லில் கறை விடும்.

மேடை உட்கார்ந்த பிறகுதான் பின்சுவர் டைல்ஸ். மேடையிலிருந்து மேல்நோக்கி முழு டைல்ஸாகத் தொடங்கலாம், வெட்டுத் துண்டு மேல் அலமாரியின் அடியில் மறைந்துவிடும். மேடையைத் தொடும் கோட்டில் சிலிக்கான். ஸ்விட்ச் பெட்டி டைல்ஸின் நடுவிலோ சரியாகக் கோட்டிலோ வரும்படி வயர் இழுத்த நாளிலேயே குறித்திருந்தால், இப்போது வெட்டு சுத்தமாக விழும்.

## ஒப்படைக்கும் நாள்

கடைசிக் கை பெயின்ட், கதவுகளுக்கு அடி சீவுதல், ஸ்விட்ச் முகப்பு எல்லாம் முடியட்டும். அப்புறம் மேஸ்திரிக்கு மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மணிநேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மரக் கைப்பிடியால் புதுத் தரையையும் தட்டிப் பாருங்கள், வெற்றுச் சத்தத்துக்கு மறுபடி சாக்பீஸ். குளியலறையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். சிங்க்கை நிரப்பி ஒரே தடவையில் திறந்துவிட்டு, அடியிலுள்ள ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூவால் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் தெரியும். இரவில், டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் உயர்ந்து நிற்கும் ஓரங்கள் நிழல் காட்டும்.

கிரவுட் படலத்தை எடுக்கிறேன் என்று யாராவது ஆசிட் பாட்டிலோடு வந்தால் தடுங்கள். சிமென்ட் கிரவுட்டையும் கல்லையும் சேர்த்தே தின்றுவிடும்.

மிச்ச டைல்ஸ் பெட்டியின்மேல் அறையின் பெயர், கிரவுட்டின் நிற எண், பசையின் பெயர் மூன்றையும் மார்க்கரால் எழுதுங்கள். குழாய் ஓடும் சுவர்களின் படங்களையும் அச்செடுத்து அதற்குள் போட்டு, பெட்டியைக் கட்டிவையுங்கள். அதன் பிறகு வாஷிங் மெஷினைத் தள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது முறை மேடையை 2 செ.மீ உயர்த்தி வைத்த பிறகு, அது ஒரு விரல் இடம் விட்டு உள்ளே போனது.